273-ஐக் கூட்டக் கூடாத இடம்

பாம்பனிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் மாலையில் என்னிடம் இயற்பியல் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி, சென்ற வாரம் தன் விடைத்தாளை என் முன்னால் விரித்து, "டீச்சர், எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன். விடை மட்டும் வேற வருது" என்றாள். கேள்வி எளிமையானது. 2 கிலோகிராம் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை? நிறையைச் சரியாக எழுதியிருந்தாள். தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராமை ஒரு கெல்வின் சூடாக்கத் தேவையான வெப்பம், 4,186 ஜூல் என்பதையும் சரியாக எழுதியிருந்தாள். 80-லிருந்து 20-ஐக் கழித்து 60 என்றும் கண்டிருந்தாள். செல்சியஸைக் கெல்வினாக்க 273-ஐக் கூட்ட வேண்டும் என்ற நினைப்பில், அதற்கு அடுத்த வரியில் 60 + 273 = 333 கெல்வின் என்று போட்டு, அந்த 333-ஆல் பெருக்கி, 27,87,876 ஜூல் என்று முடித்திருந்தாள். வந்திருக்க வேண்டிய விடை 5,02,320 ஜூல்.

இந்தப் பிழையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். படிக்காத பிள்ளைகள் இதைச் செய்வதில்லை. அவர்கள் 60-ஐ அப்படியே பெருக்கிச் சரியான விடையை எழுதிவிடுகிறார்கள். அலகில் கவனமாக இருக்க வேண்டும் என்று மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைதான் 273-ஐக் கூட்டுகிறாள். கவனத்துக்குக் கிடைக்கும் தண்டனையாக ஒரு மதிப்பெண் குறைவது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கிறது. ஆகவே, அது ஏன் பிழை என்பதைச் சிவப்பு மையால் அடித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், அந்தப் பிழை எங்கிருந்து முளைக்கிறது என்பதை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

நான் பள்ளியில் படித்தபோது எனக்கும் ஒரு விதி சொல்லப்பட்டது: கணக்கைத் தொடங்குமுன் எல்லாவற்றையும் பன்னாட்டு அலகுக்கு மாற்றிவிடு. நல்ல விதிதான். கிராமை 1,000-ஆல் வகுத்தால் கிலோகிராம். நிமிடத்தை 60-ஆல் பெருக்கினால் விநாடி. சென்டிமீட்டரை 100-ஆல் வகுத்தால் மீட்டர். இவை யாவும் பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. பெருக்கலாக இருக்கும் வரை, முதலில் மாற்றிவிட்டுப் பிறகு கழித்தாலும், முதலில் கழித்துவிட்டுப் பிறகு மாற்றினாலும் விடை ஒன்றாகவே வரும். வெப்பநிலைக்கு வந்தவுடன் அந்த வசதி போய்விடுகிறது. செல்சியஸைக் கெல்வினாக்கும்போது பெருக்குவதில்லை, கூட்டுகிறோம். கூட்டல் என்பது புள்ளியை நகர்த்தும் செயல். இரண்டு புள்ளிகளையும் ஒரே அளவு நகர்த்தினால் அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் மாறாது. தூரத்தையே எடுத்து நகர்த்த முயன்றால் அதற்குப் பொருளே இல்லை. பள்ளிக் கணக்குகளில் வரும் அலகு மாற்றங்களில் வெப்பநிலை ஒன்றுதான் இப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்த விதியைச் சொல்லும்போதே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

இதை விளக்க நம் நாட்காட்டியே போதும். அரசு நாட்காட்டியில் கிறித்து ஆண்டின் பக்கத்தில் திருவள்ளுவர் ஆண்டும் அச்சாகியிருக்கும். கிறித்து ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு வருகிறது. 2010-இல் பிறந்த பிள்ளை திருவள்ளுவர் ஆண்டு 2041-இல் பிறந்தவள். 2025 என்பது 2056. எந்தக் கணக்கில் கழித்தாலும் அவளுடைய வயது 15. திருவள்ளுவர் ஆண்டுக்கு மாற்ற வேண்டும் என்பதற்காக வயதோடு 31-ஐக் கூட்டி அவளுக்கு 46 வயது என்று யாராவது சொல்வார்களா? செல்சியஸும் கெல்வினும் இந்த இரண்டு ஆண்டுக்கணக்குகளைப் போன்றவை. ஓர் ஆண்டின் நீளம் இரண்டிலும் ஒன்றே. எண்ணத் தொடங்கிய இடம் மட்டும் வேறு. தமிழில் 'மூன்று மணி' என்பதும் 'மூன்று மணி நேரம்' என்பதும் வேறு வேறு என்று எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'முப்பது டிகிரி' என்று சொல்லும்போது மட்டும் நம் பேச்சில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. கடல்நீர் முப்பது டிகிரியில் இருக்கிறது என்பதற்கும், பானையின் சூடு முப்பது டிகிரி ஏறியது என்பதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

தன்வெப்ப ஏற்புத்திறனின் அலகில் வரும் 'ஒரு கெல்வினுக்கு' என்பது ஏணியில் ஒரு படியின் உயரம். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அது சொல்வதில்லை. செல்சியஸ் ஏணியின் படியும் அதே உயரம்தான். ஆகவே ஒரு கிலோகிராமுக்கு ஒரு கெல்வினுக்கு 4,186 ஜூல் என்று எழுதினாலும், ஒரு கிலோகிராமுக்கு ஒரு டிகிரி செல்சியஸுக்கு 4,186 ஜூல் என்று எழுதினாலும் அது ஒரே அளவு. எண்ணில் ஒரு புள்ளிகூட மாறாது. புத்தகத்தில் கெல்வின் என்று அச்சாகியிருப்பதைக் கண்டு பிள்ளைகள் 273-ஐத் தேடிப் போவதுதான் இந்தக் குழப்பத்தின் வேர்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தப் பெண்ணின் முகத்தில் முழுத் தெளிவு வரவில்லை. அதில் அவள் குறை ஒன்றும் இல்லை. 5 லட்சம் ஜூலுக்கும் 27 லட்சம் ஜூலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் தொட்டு உணர்ந்தவர் யார்? ஜூல் என்பது பழகாத எண்ணாக இருக்கும்வரை தவறான விடை தவறாகத் தோன்றாது. அவளுடைய அப்பா விசைப்படகில் போகிறவர். ஆகவே மீன் பெட்டியை எடுத்துக்கொண்டோம்.

10 கிலோ மீன், பிடித்தவுடன் 30 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதை 0 டிகிரிக்குக் கொண்டுவர எத்தனை கிலோ ஐஸ் உருக வேண்டும்? மீனின் தன்வெப்ப ஏற்புத்திறன் அதன் ஈரத்துக்கும் கொழுப்புக்கும் ஏற்பச் சிறிது மாறும். கணக்குக்காக 3,350 ஜூல் என்று வைத்துக்கொண்டோம். கலோரியில் எண்ணுகிறவர்கள் இதையே ஏறக்குறைய 0.8 என்பார்கள். வேறுபாடு 30. எனவே மீன் இழக்க வேண்டிய வெப்பம் 10 × 3,350 × 30 = 10,05,000 ஜூல். ஒரு கிலோ ஐஸ் 0 டிகிரியிலேயே உருகித் தண்ணீராவதற்கு 3,34,000 ஜூல் எடுத்துக்கொள்ளும். வகுத்தால் 3 கிலோ ஐஸ். அடுத்து, அவளுடைய முறையிலேயே 30-ஓடு 273-ஐக் கூட்டி, 303-ஆல் பெருக்கச் சொன்னேன். 1,01,50,500 ஜூல் வந்தது. அதை உருகும் வெப்பத்தால் வகுத்தபோது 30 கிலோவுக்கும் மேலே போய்விட்டது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பத்துக் கிலோ மீனுக்கு முப்பது கிலோ ஐஸ் என்பது நடக்காத காரியம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அழைத்துப்போக வந்த அவளுடைய அப்பாவிடம் அந்த எண்ணைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "பத்துக் கிலோவுக்கு முப்பது கிலோ போட்டா, பெட்டியில மீனுக்கு எடம் எங்க இருக்கு டீச்சரம்மா?" என்றார். மூன்று கிலோ என்ற சரியான விடையையும் அவர் உடனே ஏற்கவில்லை. மீனின் எடையில் பாதியாவது ஐஸ் வேண்டும், வெயில் காலத்தில் மீனும் ஐஸும் சரிக்குச் சரி என்றார். அவர் சொன்னதும் உண்மையே. மூன்று கிலோ என்பது மீனின் சூட்டை மட்டும் இறக்குவதற்கானது. பெட்டியின் சுவர் வழியாகவும் மூடியைத் திறக்கும்போதும் உள்ளே வரும் வெப்பத்தைக் கரையேறும் வரை தாங்குவதற்கு மீதி ஐஸ் தேவைப்படுகிறது. சுவர் வழியாக வரும் அந்த வெப்பமும் வெளியே உள்ள வெப்பநிலைக்கும் உள்ளே உள்ளதற்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தே வருகிறது. அங்கும் 273-க்கு வேலை இல்லை.

இந்தப் பிழையை இன்னும் சுருக்கமாகப் பிடிக்கவும் ஒரு வழி உண்டு. மேசைமேல் ஒரு குவளைத் தண்ணீர் காலையிலும் மாலையிலும் 30 டிகிரியிலேயே இருக்கிறது என்று கொள்வோம். வேறுபாடு 0. அது ஏற்ற வெப்பமும் 0. வேறுபாட்டோடு 273-ஐக் கூட்டுகிறவருக்கோ, ஒன்றும் நடக்காத அந்தத் தண்ணீர் 273 கெல்வின் அளவுக்கு வெப்பத்தை விழுங்கியிருக்கும்.

வேறுபாட்டைக் காண்பதற்கு முன்பே இரண்டு வெப்பநிலைகளையும் தனித்தனியாகக் கெல்வினுக்கு மாற்றிக்கொண்டால் தவறு ஏதும் இல்லை. 353-லிருந்து 293-ஐக் கழித்தாலும் 60 தான். மாற்றுகிறவர் இரண்டையும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஒன்றுக்கு 273-ஐயும் மற்றதற்கு அதன் துல்லியமான மதிப்பான 273.15-ஐயும் கூட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 60 டிகிரி வேறுபாட்டில் அந்த 0.15 தெரியாமல் போகும். ஆய்வகத்தில், வெப்பத்தை அளக்கும் கலமான கலோரிமானிக்குள் வெப்பநிலை மொத்தமாக 1.2 டிகிரிதான் உயர்ந்தது என்றால், அந்த 0.15 எட்டில் ஒரு பங்குப் பிழையாகிவிடும்.

கலவைக் கணக்குகளில் இந்தச் செய்தி இன்னும் அழகாக வெளிப்படுகிறது. 80 டிகிரியில் உள்ள 200 கிராம் தண்ணீரை 30 டிகிரியில் உள்ள 300 கிராம் தண்ணீரில் ஊற்றினால், இழந்த வெப்பமும் பெற்ற வெப்பமும் சமம் என்று எழுதி, 50 டிகிரி செல்சியஸ் என்று காண்கிறோம். தொடக்கத்திலேயே 353, 303 என்று கெல்வினில் எழுதினால் 323 கெல்வின் வரும்; அதுவும் 50 டிகிரி செல்சியஸ்தான். 176, 86 என்று ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 122 வரும். அதுவும் அதே சூடுதான். இரண்டு பக்கமும் வேறுபாடுகளே இருப்பதால் ஏணியின் தொடக்கம் தானாகவே விலகிவிடுகிறது. சூடானதைக் கெல்வினிலும் மற்றதைச் செல்சியஸிலும் எழுதிவிட்டால் மட்டும் ஏறக்குறைய 159 என்ற எண் வந்து நிற்கும். அது எந்த அலகிலும் பொருளற்றது.

ஃபாரன்ஹீட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அந்த அலகு இன்னும் உயிரோடு இருப்பது காய்ச்சல் பார்க்கும் வெப்பநிலைமானியில்தான். செல்சியஸுக்கும் கெல்வினுக்கும் தொடக்கம் மட்டுமே வேறு. செல்சியஸுக்கும் ஃபாரன்ஹீட்டுக்கும் தொடக்கமும் வேறு, படியின் உயரமும் வேறு. கீழக்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஹிஜ்ரி ஆண்டு கை கொடுக்கிறது. ஹிஜ்ரிக் கணக்கு தொடங்கிய ஆண்டும் வேறு. அதன் ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் ஏறக்குறைய 354 நாள்கள் கொண்டது. ஆகவே 64 வயதான பெரியவர் ஒருவருக்கு ஹிஜ்ரிக் கணக்கில் சுமார் 66 வயது. இங்கே வயதும் மாறுகிறது. அந்த மாற்றம் பெருக்கலால் மட்டுமே வருகிறது. தொடக்க ஆண்டுக்கு அதில் பங்கில்லை. அதைப் போலவே, ஃபாரன்ஹீட்டில் உள்ள வேறுபாட்டைச் செல்சியஸாக்க 5/9-ஆல் பெருக்க வேண்டும். வெப்பநிலையை மாற்றும்போது முதலில் கழிக்கும் 32-ஐ இங்கே தொடவே கூடாது.

காய்ச்சலில் ஒருவரின் உடல் 98.6-லிருந்து 102.2 ஃபாரன்ஹீட்டுக்கு ஏறுகிறது. வேறுபாடு 3.6, செல்சியஸில் அது 2. உடலின் சராசரித் தன்வெப்ப ஏற்புத்திறன் சுமார் 3,500 ஜூல் என்று கொண்டால், 50 கிலோகிராம் எடையுள்ளவரின் உடல் சேர்த்துக்கொண்ட வெப்பம் 3,50,000 ஜூல். 3.6-ஐ அப்படியே போட்டால் 6,30,000 ஜூல் என்று 1.8 மடங்கு கூடிவிடும். மனப்பாடமாக இருக்கும் சூத்திரத்தில் 3.6-ஐ வைத்து, 32-ஐக் கழித்து, 5/9-ஆல் பெருக்கினாலோ, −15.8 வரும். காய்ச்சல் ஏறியவரின் உடல் பதினாறு டிகிரி குளிர்ந்துவிட்டது என்று அந்தக் கணக்கு சொல்கிறது.

பழைய ஆங்கில முறையில் ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்கும் வெப்பத்துக்குப் பி.டி.யு. என்று பெயர்; ஏறக்குறைய 1,055 ஜூல். ஏ.சி. போன்ற குளிரூட்டும் இயந்திரங்களுக்குச் சொல்லும் 'ஒரு டன்' மணிக்கு 12,000 பி.டி.யு. 2,000 பவுண்டு ஐஸை ஒரு நாளில் உருக்கத் தேவையான வெப்பத்திலிருந்து வந்த அளவு அது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் இந்த டன்னை அன்றாடம் பேசுகிறார்கள்.

ஒரு பொருள் உருகும்போதும் ஆவியாகும்போதும் சூடு ஏறாமலே எடுத்துக்கொள்ளும் உள்ளுறை வெப்பத்தைப் பொறுத்தவரை செய்தி இன்னும் நேரானது. அதன் அலகில் வெப்பநிலையே கிடையாது. ஒரு கிலோகிராமுக்கு இத்தனை ஜூல், அவ்வளவுதான். சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணால் தெரியும். பானை கொதிநிலையை எட்டும்வரை ஆகும் விறகைவிட, கொதிக்கத் தொடங்கிய பிறகு பாகாகும்வரை எரியும் விறகு பல மடங்கு. ஒரு கிலோ தண்ணீரை 30-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 2,93,000 ஜூல் போதும். அதையே முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 22,60,000 ஜூல் வேண்டும். பனிக்கட்டிக் கணக்கில் பிள்ளைகள் சறுக்கும் இன்னோர் இடம், −10-லிருந்து 30 வரை உள்ள வேறுபாட்டை 20 என்று எழுதுவது. வேறுபாடு 40. ஆனால் அந்த 40-ஐ ஒரே பெருக்கலில் போடவும் முடியாது. ஐஸுக்குச் சுமார் 2,100, தண்ணீருக்கு 4,186 என்று இரண்டு ஏற்புத்திறன்கள். நடுவில் உருகும் வெப்பம். மூன்று வரிகளாகத்தான் எழுத வேண்டும்.

அப்படியானால் 273 எங்கேதான் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. வெப்பநிலைகளைக் கழிக்கும் இடத்தில் வேண்டாம். ஒன்றை மற்றொன்றால் வகுக்கும் இடத்தில் கட்டாயம் வேண்டும். மூடிய உருளைக்குள் அடைத்த காற்று 30 டிகிரி செல்சியஸிலிருந்து 60-க்கு ஏறினால் அழுத்தம் இரட்டிப்பாகாது. 333-ஐ 303-ஆல் வகுத்தால் 1.1, அழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் கூடும். அறுபது டிகிரி என்பது முப்பது டிகிரியைப் போல் இரண்டு மடங்கு சூடு என்று சொல்லவே முடியாது. நாம் பார்த்த மூன்று ஏணிகளில் இயற்கையாகவே சுழியிலிருந்து தொடங்குவது கெல்வின் மட்டுமே. தன்வெப்ப ஏற்புத்திறனை வைத்தே செய்யும் கணக்கிலும் இது வருகிறது: தண்ணீரைச் சூடாக்கும்போது கூடும் என்ட்ரோபியை, அதாவது ஆற்றல் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதன் அளவைக் காண இறுதி வெப்பநிலையைத் தொடக்க வெப்பநிலையால் வகுத்து மடக்கை எடுக்கிறோம். அங்கே செல்சியஸை வைத்தால் கணக்கு முழுவதும் கெடும். ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. வெப்பத்தைக் காண வேறுபாடு, என்ட்ரோபியைக் காண விகிதம்.

அளவை உலகமும் இந்தக் குழப்பத்தைச் சந்தித்திருக்கிறது. வெப்பநிலை வேறுபாட்டை மட்டும் குறிப்பதற்காகத் தனியாக ஒரு குறியீடு முன்பு வழங்கியது. எடைகள் அளவைகளுக்கான 13-ஆம் பொது மாநாடு 1967-68-இல் கூடியபோது, 'டிகிரி கெல்வின்' என்ற பெயரிலிருந்து டிகிரியை எடுத்துவிட்டு வெறும் கெல்வின் என்றாக்கியது. வேறுபாட்டையும் கெல்வினிலேயே எழுதலாம், டிகிரி செல்சியஸிலும் எழுதலாம் என்றும் அறிவித்தது. அந்த முடிவால் எழுதுவது எளிதாயிற்று என்றாலும், தனிக் குறியீடு இருந்திருந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். சில பாடநூல்கள் வேறுபாட்டை எழுதும்போது டிகிரி வட்டத்தைச் செல்சியஸ் எழுத்துக்கு முன்னால் போடாமல் பின்னால் போடுகின்றன. 'செல்சியஸ் டிகிரி' என்று திருப்பிப் படிக்க வைக்கும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

நம் கடலைப் பற்றிய செய்திகளிலும் இதே கண்ணி இருக்கிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்தன. பாறைகள் தாங்கும் சூட்டைக் கணக்கிடுவோர், அந்த இடத்தின் வழக்கமான வெப்பமிகு மாதச் சராசரியைவிட ஒரு டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ கூடிய அளவை வாரக்கணக்கில் சேர்த்து, 'டிகிரி வாரம்' என்று எண்ணுகிறார்கள். இரண்டு டிகிரி கூடுதலாக இரண்டு வாரம் நீடித்தால் 4. வெளுத்தலை எதிர்பார்க்கத் தொடங்கும் அளவு அது. அந்த ஒரு டிகிரி ஒரு வேறுபாடு. அதை ஃபாரன்ஹீட்டில் சொல்ல வேண்டுமானால் 1.8. சூத்திரத்தில் வைத்து 33.8 என்று எழுதினால், கடலின் கதையே வேறாகிவிடும்.

வருகிற சனிக்கிழமை அந்தப் பெண்ணின் அப்பா ஒரு பழைய தெர்மாகோல் பெட்டியும் கொஞ்சம் உடைத்த ஐஸும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மீனுக்குப் பதிலாகத் தண்ணீர்ப் பைகளை அடுக்கி, வெப்பநிலைமானியை உள்ளே வைத்து, அரை மணிக்கு ஒருமுறை அளக்கப் போகிறோம். அதற்காக அவள் குறிப்பேட்டில் இப்போதே இரண்டு பத்திகளைக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். முதல் பத்தியின் தலைப்பு 'எவ்வளவில் இருக்கிறது'. இரண்டாவது 'எவ்வளவு மாறியது'. கெல்வினுக்கு மாற்றும் வரியை முதல் பத்தியின் கீழ் மட்டுமே எழுதியிருக்கிறாள்.